கதவு நிலைக்கு அப்பால் பார்க்கும் லென்ஸ்

வியாழன், காலை

ஆறே காலுக்குத் திருநெல்வேலியில் பஸ் ஏறினேன். தொண்ணூற்று நாலாம் வருடம், ஜூன் மாதம். தோளில் காமிராப் பை, மடியில் மாமியார் வீட்டுக்கென்று வாங்கிய ஒரு கிலோ அல்வா. நாகர்கோவில் எண்பது கிலோமீட்டர். அங்கே வடசேரியில் திருவனந்தபுரம் பஸ்ஸுக்கு மாறி, தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று எல்லையைத் தாண்டினால் பாறசாலை, அடுத்து உதியன்குளங்கரை, அடுத்து நெய்யாற்றின்கரை. வடசேரியிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர் வரும். இந்த வழியில் போகிற வெளியூர்க்காரர்கள் கோவளத்துக்கோ பத்மநாபபுரம் அரண்மனைக்கோ போவார்கள். நெய்யாற்றின்கரையில் இறங்குகிறேன் என்றால் அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். எனக்கு அங்கே ஏழு லென்ஸ்கள் இருந்தன.

என் மனைவி சுனிதா மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிறாள். அவளுடைய ஊர் உதியன்குளங்கரையிலிருந்து உள்ளே போகும் செங்கல் என்ற கிராமம். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தபோது பழக்கமாகி, கல்யாணம் முடிந்த நாலாவது மாதமே விசா வந்து போய்விட்டாள். கல்யாணமாகி மூன்று வருடம். சேர்ந்து குடித்தனம் செய்தது ஐந்து மாதம்கூட இருக்காது. போன வருடம் ஒரு மாத லீவில் வந்தபோது எனக்கென்று ஒரு நல்ல காமிரா வாங்கி வந்தாள். எனக்குப் படம் எடுப்பதில் பைத்தியம் உண்டு என்று அவளுக்குத் தெரியும். கடைக்காரனிடம் இருப்பதிலேயே பெரிய லென்ஸாகப் போடச் சொல்லியிருக்கிறாள். அவனும் எழுபதிலிருந்து இருநூற்றுப் பத்து வரை நீளும் ஒரு சூம் லென்ஸை மாட்டி அனுப்பிவிட்டான். மைதானத்துக்கு அந்தப் பக்கம் பந்து வீசுகிறவனின் மூக்கை எடுக்கலாம். வீட்டுக்குள் நான் சாப்பிடும் தட்டை எடுக்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் போய் நிற்க வேண்டும். அவள் தம்பி பினு அதற்குப் பீரங்கி என்று பெயர் வைத்திருந்தான்.

அந்தப் பீரங்கிக்கு ஒரே ஒரு நாள்தான் சரியான வேலை வந்தது. லீவு முடிந்து அவள் திரும்பிப் போன நாள். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பார்வையாளர்கள் நிற்கும் இடத்திலிருந்து லென்ஸை முழுதும் நீட்டிப் பார்த்தேன். விமானப் படியின் உச்சியில் அவள் திரும்பினாள். முகம் முழுதாக உள்ளே வந்தது. பொத்தானை அழுத்த எனக்குக் கை வரவில்லை.

போன மாதம் அவள் குரல் பதிந்த கேசட் ஒன்று, ஊருக்கு வந்த ஒருவர் கையில் வந்து சேர்ந்தது. அதில் அவள் சொன்னதுதான் இந்தப் பயணத்துக்குக் காரணம்.

"படமெல்லாம் கிட்டிச்சு. எல்லாரும் ஒருங்கி நிக்கிறிய, கொள்ளாம். ஆனா அது எனக்க வீடு மாரி இல்ல. கடையில கண்ணாடி அலமாரி மாரி இருக்கு. இன்னும் ரெண்டு வருசத்துக்கு ஒப்பு போடுதியான்னு ஆஸ்பத்திரியில கேக்காவ. அடுத்த மாசக் கடைசியில சொல்லணும். அம்மைட்ட கேட்டா போடுன்னு சொல்லுதா. நீங்க உன் இஷ்டம்ங்கிறிய. அங்க என்ன ஆருக்காவது வேணுமான்னே தெரியல்ல. ஒருங்காம இருக்கிற படம் ஒண்ணு அயச்சுத் தாங்க."

ஒருங்குவது என்றால் சீவிச் சிங்காரித்துத் தயாராவது. ஒப்பு போடுவது என்றால் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது. உன் இஷ்டம் என்று நான் சொன்னது பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். கேசட்டில் கேட்டபோது அது வேறு மாதிரி இருந்தது. அவள் வர வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம். அதைப் போனில் சொல்ல வாய் வராதவன் படத்திலாவது சொல்லலாம் என்று கிளம்பினேன். வீட்டுக்குள் தினம் நடக்கிறதை எடுக்கத் தோதான சின்ன லென்ஸ்கள் இரண்டோ மூன்றோ வேண்டும். குவைத்திலிருந்து திரும்பிய ஒருவர் தன்னிடம் இருப்பதை விற்கிறார், அவை என் காமிராவில் பொருந்தும் என்று பினு போன் செய்திருந்தான். அலுவலகத்தில் இரண்டு நாள் லீவு கேட்டேன். காரணம் கேட்டார்கள். மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

வியாழன், மதியம்

ஆரல்வாய்மொழி தாண்டியதும் காற்றில் ஈரம் ஏறியது. தக்கலையில் தூறல், மார்த்தாண்டத்தில் நல்ல மழை. பஸ்ஸின் தார்ப்பாய்களை இறக்கிவிட்டதால் உள்ளே அரை இருட்டு. களியக்காவிளையில் பக்கத்து சீட்டுக்கு ஏறிய அம்மாள், பையை மடியில் வைத்துத் துண்டால் போர்த்திக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, உள்ளே கைக்குழந்தையா என்று கேட்டார். காமிரா என்றதும் உதியன்குளங்கரையில் யாருக்குக் கல்யாணம் என்று அடுத்த கேள்வி. கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை, சும்மா வீட்டை எடுக்கப் போகிறேன் என்றேன். அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

உதியன்குளங்கரையில் இறங்காமல் நேரே நெய்யாற்றின்கரை போனேன். பினு சொன்ன சுகுமாரனின் ஸ்டுடியோ பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில். மனிதருக்கு ஐம்பது வயது இருக்கும். குவைத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். சண்டை வந்தபோது வீடு, கடை, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, லென்ஸ்களை மட்டும் அரிசி மூட்டைக்குள் புதைத்துப் பாலைவனம் வழியாக ஜோர்டான் வந்து சேர்ந்தாராம். இப்போது இங்கே எல்லாரும் கல்யாணத்துக்கு வீடியோதான் கேட்கிறார்கள், லென்ஸ்கள் சும்மா கிடக்கின்றன. ஈரிழைத் துவர்த்தை, துண்டைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள், மேஜையில் விரித்து ஏழையும் நிறுத்தினார். சின்னது கட்டைவிரல் உயரம், பெரியது முழங்கை நீளம். பெரியதைத்தான் என் கையில் முதலில் கொடுத்தார்.

"இது முந்நூறாக்கும். அகஸ்தியர் மலையில நிக்கிற ஆன இஞ்ச வரும்."

ஆனை எனக்கு வேண்டாம், அடுப்பங்கரை வேண்டும் என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம். எண்ணைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எண் கூடினால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும், ஆனால் பார்க்கும் அகலம் சுருங்கும். எண் குறைந்தால் ஒரே இடத்தில் நின்றுகொண்டு நிறையப் பார்க்கலாம். ஐம்பது என்பது ஊரிலுள்ள ஸ்டுடியோக்காரர்கள் எல்லாரும் வைத்திருப்பது. முந்நூறு ஒரு கோடி, இருபத்தெட்டு மறு கோடி. நான் மனசுக்குள் முடிவு செய்து வந்தது நூற்று முப்பத்தைந்தை. என் மாமியார் காமிராவைக் கண்டால் விறைத்துப் போவார். முற்றத்தில் ஒதுங்கி நின்று அவர் முகத்தை அவருக்குத் தெரியாமல் எடுத்துவிடலாம் என்பது திட்டம்.

சுகுமாரனுக்குப் பாலராமபுரத்தில் கல்யாண வீடியோ இருந்தது. ஆள் அவசரத்தில் இருந்தார். ஏழையும் பையில் போட்டு என் தோளில் மாட்டிவிட்டார். கொண்டுபோய் எடுத்துப் பாருங்கள், சனிக்கிழமை படத்தோடு வாருங்கள், வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதைத் தாருங்கள் என்றார். முன்பணம் தரட்டுமா என்று கேட்டதற்குச் சிரித்தார். பினுவின் அத்தான் எங்கே ஓடிவிடப் போகிறார் என்றார்.

வியாழன், மாலை

உதியன்குளங்கரைக்குத் திரும்பி வந்து ஆட்டோ பிடித்தேன். மகேஸ்வரம் கோயிலுக்குப் போகிற சாலையில் கொஞ்ச தூரம் போய், வாய்க்கால் பாலம் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் வீடு. எட்டு ரூபாய் வாங்கினான். அல்வாவை வாங்கிக்கொண்ட மாமி, நான் நனைந்திருக்கிறேனா என்று தலையைத் தொட்டுப் பார்த்தார். மாமனார் இல்லை. மாமியும் பினுவும்தான். பினு ஜீப் ஓட்டுகிறான். அம்பூரிப் பக்கத்திலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றி வருவது தொழில்.

மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். சுனிதா ஒருங்காத படம் கேட்கிறாள், வீட்டை இருக்கிறபடியே எடுக்கப் போகிறேன் என்றேன். மாமி தலையாட்டினார். காலையில் எழுந்து பார்த்தபோதுதான் அவர் எதற்குத் தலையாட்டினார் என்று தெரிந்தது.

வெள்ளி, காலை

முன்னறையைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு கண்காட்சி இருந்தது. கல்ஃப் கம்பளி, அதில் பாய்கிற புலி. ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டி. தெர்மாஸ் பிளாஸ்க், பவுடர் டின்கள், அரபு எண் போட்ட சுவர்க் கடிகாரம். நடுவில் நாற்காலி. அதில் பினு, தேய்த்த சட்டையும் ஈரத் தலையுமாக, தூக்கத்திலிருந்து எழுப்பி உட்கார வைக்கப்பட்டிருந்தான்.

இந்தப் பக்கத்து வழக்கம் இது. வெளிநாட்டுக்குப் போகும் படத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த சாமான் எல்லாம் தெரிய வேண்டும். அனுப்பினவளுக்கு, தான் அனுப்பியது உடையாமல், விற்கப்படாமல் இருக்கிறது என்று தெரிய வேண்டாமா. அவள் கஷ்டப்பட்டுச் சம்பாதித்ததற்குக் காட்டும் மரியாதை அது. ஒருங்காத படம் என்று நான் சொன்னதை, ஆட்கள் பட்டுச்சேலை கட்ட வேண்டாம் என்ற அளவில் மாமி எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அதைவிட எனக்கு ஆச்சரியம் எல்லை போட்டிருந்த விதம். வருடக்கணக்காக வீட்டுக்கு வந்துபோன ஸ்டுடியோக்காரர் எதிர்ச் சுவரில் முதுகு முட்ட நின்றுதான் எடுப்பாராம். அங்கே நின்றால் காமிரா இடது பக்கம் அலமாரியின் ஓரம் வரைக்கும், வலது பக்கம் அடுப்பங்கரைக் கதவின் நிலை வரைக்கும் பார்க்கும். மாமிக்கு அது மனப்பாடம். ஆகவே அலமாரிக்கும் கதவு நிலைக்கும் நடுவே சுத்தமான கல்ஃப். அங்கிருந்து அகற்றப்பட்ட குடும்பம் முழுதும் அலமாரிக்கு இந்தப் பக்கமும் நிலைக்கு அந்தப் பக்கமும் குவிந்து கிடந்தது. காயாத துணிக் கயிறு, ஓட்டு ஒழுக்கலுக்கு வைத்த வாளி, ஈர்க்குமாறு, சுருட்டின பாய், கோழிக்கூடை. மாமியும் அந்தப் பக்கம்தான் நின்றார், கைலியும் பழைய துவர்த்தும் போட்டுக்கொண்டு. பினு மட்டும் போதும், நான் இந்தக் கோலத்தில் வேண்டாம் என்றார்.

மழை இருட்டு. நான் இருபத்தெட்டை மாட்டினேன். சின்ன அறைக்கு அதுதான் சரி. மாட்டிவிட்டு மாமியிடம் சொன்னேன், இந்த லென்ஸ் நிறையப் பார்க்கும், நீங்கள் நிற்கிற இடமும் தெரியும் என்று.

"ஞான் பாக்காத போட்டோவா மக்கா? காமிராக்கு இந்த நிலை வரைக்கும்தான் பார்வை உண்டு. நீங்க எடுங்க."

இரண்டாம் முறை சொன்னேன். சிரித்துக்கொண்டார். மருமகன் விளையாடுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும்.

பினு பாஸ்போர்ட் படத்துக்கு இருப்பதுபோல விறைத்திருந்தான். தோள் இளகட்டும் என்று டேப்பைப் போடச் சொன்னேன். அதில் இருந்தது சுனிதா அம்மாவுக்கு அனுப்பிய கேசட். பலா காய்த்ததா, வடக்குப் பக்கத்து ஓடு மாற்றியாயிற்றா, பினு பீடி குடிக்கிறானா என்று அவள் குரல் அறைக்குள் கேட்க ஆரம்பித்தது. நான் காமிராவை இன்னொரு நாற்காலியின் முதுகில் அழுத்திப் பிடித்துக் கண்ணை வைத்தேன். பினு கொசு விரட்டினான். வலது ஓரத்தில், நிலைக்கு அப்பால், மாமி துவர்த்தை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். டேப்பைப் பார்க்கவில்லை. அது பேசுகிற திசையில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடியிருந்தார். பொத்தானை அழுத்தினேன்.

கேசட்டை யார் போட்டாலும் மாமி அடுப்பில் வேலை இருக்கிறதென்று எழுந்து போய்விடுவார். வீட்டில் யாரும் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. நான் பார்த்ததை நான் சொல்லவும் இல்லை.

வெள்ளி, மதியம்

பினு அம்பூரிக்குக் கிளம்பினான். நீள லென்ஸ்களுக்கு மலை கிடைக்குமே என்று நானும் ஏறிக்கொண்டேன். வெள்ளறடை வரைக்கும் சாதாரண சாலை. அதற்கு மேல் ஜீப் இரண்டாம் கியரிலேயே முனகிக்கொண்டு ஏறுகிறது. இரண்டு பக்கமும் ரப்பர். மழைக்குப் பால் வெட்டு நின்றிருந்தது. சில தோட்டங்களில் மட்டும் மரத்துக்குப் பாவாடை கட்டியதுபோல பிளாஸ்டிக் சுற்றி வெட்டிக்கொண்டிருந்தார்கள். டீக்கடையில் பினு ஷீட்டை எண்ணி ஏற்றும் நேரத்தில் நான் முந்நூறை மாட்டி எதிர்ச் சரிவைப் பார்த்தேன். குடை பிடித்துக்கொண்டு ஒருவர் மரத்தடியில் நின்று வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு தடவுகிற விரல்கூடத் தெரிந்தது. நல்ல படம். எடுத்தேன். ஆனால் அவர் யாரோ, நான் யாரோ. மஸ்கட்டில் இருக்கிறவளுக்கு இந்த விரலால் என்ன ஆகப் போகிறது என்று தோன்றியது. நூற்று முப்பத்தைந்தில் டீக்கடைக்காரரை எடுத்தேன், எண்பத்தைந்தில் பினுவை. எல்லாம் அழகாகத்தான் இருந்தது. எனக்குத்தான் மனம் அந்த வலது ஓரத்தை விட்டு வரவில்லை.

இறங்கும்போது பினுவிடம் கேட்டேன், அம்மா ஏன் போடு போடு என்று சொல்கிறார், அவருக்கு மகள் வர வேண்டாமா என்று. அவன் ஒரு வளைவைத் திரும்பிவிட்டுச் சொன்னான்.

"உங்க கலியாணத்துக்கு முந்தி ஒரு தவண விசா வந்து அக்கா போவச்செல அம்மை கிடந்து அழுதா, அத்தான். அக்கா பெட்டிய எறக்கி வச்சிட்டு போவல்லன்னு சொல்லிட்டா. சொந்தக்காரரெல்லாம் அம்மையத்தான் ஏசுனாவ. அழுது பிள்ளைக்க வழிய மறிச்சாளாம். அதுக்குப் பொறவு அம்மை அழுது நான் கண்டதில்ல."

நெய்யாற்றின்கரை வழியாகத் திரும்பி, கலர் லேபில் ரோலைக் கொடுத்துவிட்டு வந்தோம். முந்தின இரவே ஐம்பதை மாட்டி, விளக்கு வெளிச்சத்தில் மாமி பரிமாறுகிற கையை ஒன்றிரண்டு எடுத்ததும் அந்த ரோலில்தான் இருந்தது. அந்த லென்ஸ் கொஞ்ச வெளிச்சத்தையும் வீணாக்காமல் வாங்கிக்கொள்கிறது. எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற ஆளை எடுக்க அதற்கு மேல் ஒன்று தேவையில்லை என்று பட்டது.

சனி, காலை

பத்து மணிக்குப் படங்கள் வந்தன. சுகுமாரன் இரவெல்லாம் வீடியோ லைட்டோடு நின்ற களைப்பில் இருந்தார். ஆனாலும் முப்பத்தாறையும் மேஜையில் சீட்டு பிரிப்பதுபோல விரித்தார். அம்பூரி மலையைப் பார்த்துத் தலையாட்டினார். வெற்றிலைக்காரரைப் பார்த்து, முந்நூறைத்தானே எடுக்கிறீர்கள் என்றார். இருபத்தெட்டில் எடுத்த முன்னறைப் படம் வந்ததும் கையை நிறுத்தினார்.

நடுவில் கல்ஃப் சாமான்கள் பளபளவென்று இருந்தன. பினுவின் கை கொசுவோடு சேர்ந்து கலங்கிப்போயிருந்தது. இடது ஓரத்தில் துணிக்கயிறு, வாளி. வலது ஓரத்தில் மாமி. அசையாமல் நின்றதால் அவர் மட்டும் கூர்மையாக விழுந்திருந்தார். ஓரத்தில் நிற்பவர்களை இந்த லென்ஸ் கொஞ்சம் இழுக்கும், கை நீளமாகத் தெரிகிறது, சொல்லிவிட்டேன், பிறகு குறை சொல்லக்கூடாது என்றார் சுகுமாரன். பிறகு படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, குவைத்தில் இருந்தபோது தன் வீட்டிலிருந்தும் தவறாமல் படம் வரும், இப்படி ஒன்று வந்ததில்லை என்றார்.

இருபத்தெட்டும் ஐம்பதும் போதும் என்றேன். இரண்டுக்கும் சேர்த்து இரண்டாயிரத்து முந்நூறு. என் பையில் பீரங்கியைப் பார்த்ததும் வியாபாரி விழித்துக்கொண்டார். வீட்டுக்குள் அதற்கு என்ன வேலை, அதைக் கொடுத்துவிட்டு நூற்று முப்பத்தைந்தைச் சும்மா கொண்டுபோங்கள் என்றார். நியாயமான பேரம். நான் கேட்க வந்ததே அந்த நூற்று முப்பத்தைந்தைத்தான். கொடுக்கவில்லை. அவள் பெரியதாகப் பார்த்து வாங்கியது, இருக்கட்டும் என்றேன். மூன்று லென்ஸில் ஒன்று சும்மா கிடப்பதற்கென்றே வைத்துக்கொள்கிற ஆளை இன்றுதான் பார்க்கிறேன் என்று பில் எழுதினார்.

சனி, மதியம்

மாமி கையைத் துடைத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்தார். டீக்கடைக்காரரைத் தெரிந்திருந்தது. பரிமாறுகிற கையைப் பார்த்து, வளையலைத் தேய்த்திருக்கலாம் என்றார். முன்னறைப் படம் வந்ததும் முதலில் வாளியைக் கண்டார், பிறகு கோழிக்கூடையை. காமிராவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நிலைக்கு அந்தப் பக்கம் எப்படித் தெரிந்தது என்று கேட்டார். அப்புறம்தான் தன்னைக் கண்டார். படத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய்க் கத்தரிக்கோல் எடுத்துவந்து, இடப்பக்கம் அலமாரி ஓரத்தோடும் வலப்பக்கம் கதவு நிலையோடும் கோணாமல் வெட்டினார். நடுவிலிருந்ததை என்னிடம் தந்தார். வெட்டின துண்டுகளைக் கடிகாரத்துக்குப் பின்னால் சொருகினார்.

அதை அனுப்பினால் அவள் வருவாள் என்றேன். சொல்லும்போதே என் குரல் கெஞ்சுவது எனக்கே கேட்டது.

"அதுக்குத்தான் வேண்டாம்னு சொல்லுதேன். ஞான் அழுது பிள்ளைய வரவச்சேன்னு இனி ஒருத்தரும் சொல்லப்பிடாது."

தன்னை யாருக்காவது வேண்டுமா என்று அவள் கேட்டிருக்கிறாள் என்று சொன்னேன். என் கேசட்டில் இருந்ததை அதுவரை நான் மாமியிடம் சொல்லியிருக்கவில்லை. அவர் எனக்குச் சோறு போட்டார். கேட்காமலே இரண்டாம் முறையும் போட்டார். முன்னறையில் அரபுக் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

சனி, மாலை

நாலரைக்கு ஆட்டோ வந்தது. மழை விட்டு, ஓட்டிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. நேந்திரங்காய் வறுவலும் ஒரு சீப்புப் பழமும் பையில் திணித்தார்கள். பினு முன் சீட்டில் ஓட்டுநரோடு ஒட்டி உட்கார்ந்தான். மாமி குடையோடு ஆட்டோ வரைக்கும் வந்தார். வழக்கமாக வாசலோடு நின்றுகொள்வார்.

படம் கழுவும்போது கூடவே ஒரு சுருள் தருவார்களே, அது என்னிடம்தான் இருக்கிறதா என்று கேட்டார். நெகட்டிவ் என்னிடம்தான் என்றேன். நான் வெட்டினது அதிலும் போயிருக்குமா என்றார். போகாது மாமி, அதில் எல்லாம் முழுசாக இருக்கிறது என்றேன்.

குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். ஆட்டோக்காரன் இன்ஜினை இழுத்தான்.

"காமிராக்குத் தெரியாதுன்னு நெனச்சுதான் ஞான் அங்க நின்னேன். அவளுட்ட அப்பிடியே சொல்லணும், கேட்டியளா மக்கா? அவள அழைக்கதுக்கு நின்னதில்ல."

சொல்கிறேன் என்றேன். பாலம் திரும்பும் வரைக்கும் குடை அங்கேயே நின்றது.

உதியன்குளங்கரையில் பஸ் ஏறி, பாறசாலை தாண்டும்போது விளக்குப் போட்டுவிட்டார்கள். களியக்காவிளையில் டீ குடித்தேன். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே மழை, ஒரே மரச்சீனி, ஒரே பேச்சு. ஆனால் அந்தச் செங்கல் கிராமத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒருங்குவதற்கு ஒரு வீடும், ஓரத்தில் ஒதுக்குவதற்குக் கொஞ்சம் குப்பையும் இருக்கின்றன. திருநெல்வேலியில் என் அறையை மறுநாள் காலையில் அதே இருபத்தெட்டில் எடுத்தேன். ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர், கொடியில் ஒரு சட்டை. எந்த ஓரத்தையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. அதையும், முன்னறையை முழுசாகப் போட்டு எடுத்த புதுப் பிரதியையும் ஒரே கவரில் வைத்து, மாமி சொன்னதைச் சொன்னபடியே எழுதி, கீழே நீ வர வேண்டும் என்று என் கையாலும் எழுதி அனுப்பினேன்.

இதை எழுதுவதற்கு இரண்டு நாள் முன்னால் அவள் கேசட் வந்தது. கம்பளியைப் பற்றிக் கேட்கவில்லை, கடிகாரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. வெகுநேரம் அங்கத்திய வெயிலைப் பற்றிப் பேசினாள். கடைசியில், ஒப்பு போடவில்லை என்றாள்.

"அந்த லென்ஸ வித்துராதீங்க. ஓணத்துக்கு முந்தி வாறேன். அம்மைய ஓரத்துலேருந்து கூட்டிட்டு வந்து நடுவுல நிறுத்தி ஒண்ணு எடுக்கணும்."

இருபத்தெட்டு அதற்காகக் காத்திருக்கிறது. ஆனால் விமான நிலையத்தில் பார்வையாளர்கள் நிற்கிற இடத்திலிருந்து விமானப் படி வெகு தூரம். அங்கே இருபத்தெட்டும் ஐம்பதும் எதற்கும் ஆகாது. பீரங்கியை வெளியே எடுத்துத் துடைத்து, காமிராவில் மாட்டி வைத்திருக்கிறேன். போன முறை அழுத்தாமல் விட்டதை இந்த முறை அழுத்த வேண்டும்.